விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. இரண்டு பையன்கள் இறங்கினார்கள். வண்டியில் ஒரு கண்ணாடி. மூன்றாவது மாடிக்காரர் வீட்டு டைனிங் டேபிளுக்கு என்று பிறகு தெரிந்தது. அடியில் ஒரு சாக்கு, மேலே ஒரு சாக்கு, நடுவில் கண்ணாடியைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கையில் உறை கிடையாது. காலில் ரப்பர் செருப்பு.

பார்த்தவுடன் கணக்குப் போட்டுவிட்டேன். ஆறடிக்கு மூன்றடி, தடிமன் 12 மில்லி. ஐம்பது கிலோ.

இந்தக் கணக்கு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லி தடிமனுக்கு இரண்டரைக் கிலோ. அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது தெரிவதாலோ என்னவோ, பார்ப்பவர்களுக்கு அது கனமாகவே தோன்றுவதில்லை. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைப் பார்த்தால் யாரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். கண்ணாடியைப் பார்த்து யாரும் யோசிப்பதில்லை.

"தம்பி, படுக்க வச்சே தூக்காதீங்க. நிமிர்த்துங்க. நிமிர்த்தித் தூக்குங்க" என்று மேலிருந்து கத்தினேன்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, ரிடையர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு. அந்தப் பசங்களை அவங்க வேலையைப் பார்க்க விடுங்க."

விடவில்லை. இறங்கிப் போனேன். ஒரு பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "க்ளவுஸ் இல்லையாப்பா?" என்றேன். "இருக்கு சார், வழுக்குது" என்றான். நல்ல பதில். உண்மையும் அதுதான். நூல் கையுறை கண்ணாடியில் வழுக்கும், உள்ளங்கையில் ரப்பர் பூச்சு இருக்க வேண்டும். அவனுக்கு யார் வாங்கித் தருவார்கள்?

"மாடிப்படியில நழுவிச்சுன்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான். "பிடிச்சிருவேன் சார். உடைஞ்சா ஓனர் சம்பளத்துல கழிச்சிருவாரு."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இந்தப் பதிவை எழுத ஒரு வாரம் ஆனதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

நான் கண்ணாடித் தொழிலுக்கு வந்தது 2001-இல். அதற்கு முன் பதினெட்டு வருடம் இரும்போடு இருந்தவன். இயந்திரப் பட்டறை, பிரஸ் ஷாப், ஃபேப்ரிகேஷன். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000-இல் ஓடத் தொடங்கியிருந்த நேரம். உருகிய கண்ணாடிக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு, சமமான தாளாக இழுத்தெடுக்கிற முறை அது. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்து 1959-இல் உலகத்துக்கு அறிவித்தது. நான் சேர்ந்த இடம் அப்படிக் கண்ணாடி செய்கிற ஆலை இல்லை. செய்த கண்ணாடியை வாங்கி, வெட்டி, விளிம்பு தேய்த்து, துளை போட்டு, டஃப்பனிங் செய்து கட்டடங்களுக்கு அனுப்புகிற இடம். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய ஷெட். கம்பெனி பெயர் வேண்டாம். இப்போது கைமாறிவிட்டது. அங்கே இருப்பவர்களுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

இரும்புக்காரனுக்குக் கண்ணாடி புரிய நாளாகும். இரும்பு எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லிவிடும். பாரம் அதிகமானால் வளையும், முனகும், பெயின்ட் உதிரும். பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். கண்ணாடி அப்படி இல்லை. நின்றுகொண்டே இருக்கும். அடுத்த நொடி இருக்காது.

எங்களிடம் வருகிற பெரிய தாள் 12 அடிக்கு 8 அடி. அதில் 12 மில்லி என்றால் ஒரு தாள் 268 கிலோ. அதை மனிதர்கள் தூக்குவதில்லை. மேலே கிரேன், அதில் எட்டுக் கப்பு வைத்த வாக்குவம் லிஃப்டர். அதனால் பெரிய தாள்களிடம் எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது, யாரும் பக்கத்தில் போகமாட்டார்கள். எங்கள் இடத்தில் பெரிய தாளால் காயம் பட்டவர் யாரும் இல்லை. வெட்டிய பிறகு வருகிற துண்டுகள்தான் ஆளைச் சாய்த்தன. 40 கிலோ, 70 கிலோ என்று இருக்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்ற தைரியம் வந்துவிடும்.

வெட்டிய துண்டுகளைச் சாய்த்து வைக்கிற சட்டத்துக்கு ஏ-ஸ்டாண்டு என்று பெயர். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ஏ எழுத்து மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடி சாய்ந்து நிற்கும். சாய்மானம் ரொம்பக் கிடையாது, நேர் செங்குத்திலிருந்து மூன்று முதல் ஐந்து டிகிரி. அதிகம் சாய்த்தால் பின்னால் இருக்கும் தாள்கள் மீது பாரம் ஏறும். குறைத்தால் முன்னால் கவிழும். சாய்கிற பலகைக்கும் அடியில் தாங்குகிற கட்டைக்கும் இடையே சரியாகத் தொண்ணூறு டிகிரி இருக்க வேண்டும். நான் போன புதிதில் பக்கத்து ஊர் வெல்டர் ஒருவர் செய்து தந்த ஸ்டாண்டுகளில் அடிக்கட்டை தரைக்குச் சமமாக இருந்தது. பார்க்க அழகாக, நேர்த்தியாக இருந்தது. கண்ணாடி அதில் முழு அடிப்பக்கமும் பதியாமல் ஒரு ஓரத்தில் மட்டும் நின்றது. தினமும் அடி விளிம்பில் சில்லு பெயரும். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்கள் மேஸ்திரி வந்து ஒரு மூலைமட்டத்தை வைத்து ஒரு நிமிடத்தில் காட்டினார்.

அந்த மேஸ்திரியைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. சின்ன வயதிலிருந்து கண்ணாடிக் கடைகளில் வேலை பார்த்தவர். இரண்டு முன்கைகளிலும் பழைய தழும்புகள் கோலம் போட்டது போல இருக்கும். அவர் சொல்லித் தந்தவைதான் இன்றைக்கும் எனக்கு நினைவில் நிற்கின்றன. ஸ்டாண்டின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஒரே பக்கத்தைக் காலி செய்தால் மறுபக்கப் பாரம் ஸ்டாண்டையே கவிழ்த்துவிடும். கப்பு வைக்குமுன் கண்ணாடியையும் கப்பின் ரப்பரையும் துடைக்க வேண்டும். கைக்கப்பில் பம்ப் பித்தானில் ஒரு சிவப்புக் கோடு உண்டு, அது வெளியே தெரிய ஆரம்பித்தால் காற்று இறங்குகிறது என்று அர்த்தம். நடக்கிற வழியை முதலில் வெறும் கையோடு ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். தூக்குகிற இருவரில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். "ரெண்டு பேரும் பேசினா கண்ணாடி மூணாவதா ஒண்ணு பேசும்" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு ஹெல்ப்பரையும் முதல் நாள் கூப்பிட்டு நிற்க வைப்பார். ஓர் ஓரத்தில் இதற்கென்றே வைத்திருக்கும் உடைசல் துண்டு ஒன்றை எடுத்து நட்டமாக நிறுத்தி, கையை எடுத்துவிடுவார். அது விழும். பையன் தன்னையறியாமல் கையை நீட்டுவான். மேஸ்திரி அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிடுவார். கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கும். "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை. விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே. போச்சுன்னா விட்டுட்டுப் பின்னால குதி" என்பார்.

அப்போதுதான் வெட்டிய கண்ணாடியின் விளிம்பைப் போலக் கூர்மையான பொருளை நான் பார்த்ததில்லை. மணிக்கட்டில் பட்டால் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து போகும். வலிப்பதற்கு முன்னால் ரத்தம் தெரியும். அதனால்தான் வெட்டியவுடன் விளிம்பை லேசாகத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் முதலில் விட்டுப்போகிற விதியும் அதுதான்.

இனி என் கதை.

2004-இல் உடைசல் அதிகமாக இருக்கிறது என்று மேலிடத்தில் புகார். உற்பத்திக்கு நான்தான் பொறுப்பு. இரும்புப் பட்டறையில் கற்ற பாடத்தை இங்கே கொண்டுவந்தேன். கேன்டீன் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தேன். தேதி, ஷிஃப்ட், எத்தனை துண்டு உடைந்தது, யார் கையில் உடைந்தது. பெயரோடு. மாதக் கடைசியில் பெயர் அதிகமாக வந்திருப்பவருக்கு ஊக்கத்தொகை கிடையாது. சாப்பிடப் போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மூன்றே மாதத்தில் உடைசல் எண்ணிக்கை இறங்கியது. மீட்டிங்கில் எனக்குப் பாராட்டு. மேஸ்திரி மட்டும் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "சார், அந்தப் பலகையில பேர் வேணுமா?" என்று கேட்டார். "பேர் இருந்தாத்தான் மேஸ்திரி பயம் இருக்கும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உடைசல் இறங்கியது, ஆனால் டஃப்பனிங் உலைக்குள் கண்ணாடி வெடிப்பது கூடியது. அந்த உலையில் கண்ணாடியை அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளியே வந்தவுடன் இரண்டு பக்கமும் காற்றை அடித்து வேகமாகக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு இறுகிப் பலம் கூடும். அதன் பிறகு அதை வெட்ட முடியாது, துளை போட முடியாது. உள்ளே போகும்போது விளிம்பில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தால்கூட அங்கிருந்து விரிசல் ஓடலாம். ஒன்று வெடித்தால் கூடப் போன மற்றவையும் வீணாகும், உருளைகள் மேல் சிதறல் கிடக்கும், துப்புரவு செய்ய ஒரு ஷிஃப்ட் போகும். நான் இதற்கும் பலகைக்கும் முடிச்சுப் போடவே இல்லை. உலைக்காரரைத்தான் திட்டினேன். பெயர் எழுதப்படும் என்ற பயத்தில், சில்லு பெயர்ந்த துண்டுகளைப் பையன்கள் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி வைத்துவிடுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்?

2006 ஐப்பசி. நல்ல மழை. மழைக்காலம் எங்களுக்கு வேறு விதத்திலும் தலைவலி. தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஈரம் புகுந்து தங்கினால், கண்ணாடியிலிருந்தே சோடியம் கரைந்து வந்து அந்த நீரைக் காரமாக்கி, கண்ணாடியையே அரிக்கும். முதலில் வானவில் மாதிரி நிறம் தெரியும், பிறகு வெள்ளைப் பூச்சாக நிற்கும். தேய்த்தாலும் போகாது. கல் மாதிரி இருக்கிற பொருள் வெறும் தண்ணீருக்குக் கெட்டுப்போகும் என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். அதற்காகத்தான் இடையில் பொடி தூவுவதும் காகிதம் வைப்பதும். அந்த வாரம் கூரை ஒழுகியதால் ஸ்டாண்டுகளை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி வைத்திருந்தோம். நடக்கும் வழி பாதியாகக் குறைந்திருந்தது.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்கு அவசர ஆர்டர். இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து நான் போன் செய்தேன். "அந்த ஒரு பீஸ் காலை வண்டியில ஏறியே ஆகணும்." எந்தத் துண்டு என்று எண்ணும் சொன்னேன். அது ஸ்டாண்டில் ஒன்பதாவதாக, எட்டுத் துண்டுகளுக்குப் பின்னால் இருந்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று சொல்ல வேண்டும். பெரிய தாளிலிருந்து வீணாகாமல் வெட்ட ஒரு வரிசை உண்டு. அதைக் கம்ப்யூட்டர் போட்டுத் தரும். உலைக்கு அனுப்ப வேறொரு வரிசை. லாரியில் ஏற்ற மூன்றாவது வரிசை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. வெட்டிய வரிசையில் ஸ்டாண்டில் அடுக்கிவிட்டு, வேண்டியதைத் தேடும்போது அது எப்போதும் பின்னால்தான் இருக்கும். முறைப்படி செய்வதென்றால் முன்னால் இருக்கும் எட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வேறொரு ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ஆனால் எல்லோரும் செய்வது வேறு. முன்னால் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்து, புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போலத் தன் பக்கம் சாய்த்து ஒருவன் தாங்கிக்கொள்வான். இன்னொருவன் இடைவெளியில் கையை விட்டுப் பின்னால் இருப்பதை உருவுவான்.

அந்தத் துண்டுகள் 10 மில்லி, 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர். ஒன்று 72 கிலோ. எட்டும் சேர்ந்து 576 கிலோ. அவ்வளவு எடையை ஒரு மனிதன் எப்படித் தாங்குகிறான் என்றால், நேர் செங்குத்தாக நிற்கும்போது அதை அவன் தாங்கவே இல்லை, அடிக்கட்டை தாங்குகிறது. ஒரு விரலால் நிறுத்தி வைக்கலாம். தன் பக்கம் ஐந்து டிகிரி சாய்ந்தால் மேல் விளிம்பில் 25 கிலோ வரும். அதுவும் சிரமமில்லை. பத்து டிகிரியில் 50. இருபது டிகிரியில் நூறு கிலோவைத் தொடும். சாயச் சாய பாரம் கூடும், பாரம் கூடக் கூட இன்னும் சாயும். நடுவில் நிறுத்துகிற இடம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கணக்கை நான் பிறகுதான் போட்டேன். டிப்ளமா முதல் வருடத்துக் கணக்கு. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

தாங்கி நின்றவன் அரக்கோணம் பக்கத்துப் பையன். வயது இருபத்து மூன்று. உருவியவன் அவனைவிடச் சின்னவன். கீழே தரை ஈரம். உருவும்போது முன்னால் இருந்த கட்டு கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. சின்னவன் "அண்ணே விடு" என்று கத்திக்கொண்டே விலகி ஓடிவிட்டான். இவன் விடவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளப் பார்த்திருக்கிறான். பின்னால் ஓடவும் இடம் குறைவு. நெருக்கி வைத்த ஸ்டாண்டுகள் என்று சொன்னேனே.

போன் வந்தபோது இரவு பன்னிரண்டே முக்கால். நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, முழங்காலுக்குக் கீழே நசுங்கல், முன்கையில் ஆழமான வெட்டு. உயிருக்கு ஆபத்தில்லை என்று விடியற்காலை சொன்னார்கள்.

அதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக ஆபீசில் உட்கார்ந்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "தொழிலாளி முறையற்ற வழியில் கண்ணாடியைக் கையாண்டது, கவனக்குறைவு" என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அந்த நேரத்தில் அதுதான் உண்மை என்றே எனக்குத் தோன்றியது.

காலை ஒன்பது மணிக்கு அவனைப் பார்க்க விட்டார்கள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். தோளைத் தொட்டுப் படுக்க வைத்தேன்.

"சார், எத்தனை பீஸ் சார் உடைஞ்சுது?" என்றான்.

நான் ஏதோ சொன்னேன், அதெல்லாம் எதுக்குப்பா இப்போ என்கிற மாதிரி.

"எட்டுமா சார்? எல்லாம் என் பேர்லயா வரும்?"

அவனுடைய அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது நல்லது என்று அப்போது நினைத்தேன்.

ஃபேக்டரிக்குத் திரும்பியதும் பலகையைக் கழற்றச் சொன்னேன். முந்தின ராத்திரிக் கணக்கை யாரோ கடமை தவறாமல் அதில் எழுதி வைத்திருந்தார்கள். எண் 8. பக்கத்தில் அவன் பெயர். ஈரத்துணியால் அழித்தபோதும் சாக்பீஸ் தடம் முழுசாகப் போகவில்லை. அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். அது போய்விட்டது, இனி குழப்ப வேண்டாம் என்றார். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

ஓடிப்போன சின்னவனைப் பற்றி யாரும் நல்லபடியாகப் பேசவில்லை. அண்ணனை விட்டுவிட்டு ஓடியவன் என்றார்கள், கேன்டீனில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். அன்றைக்கு இரவு மேஸ்திரி கற்றுத் தந்ததைச் சரியாகச் செய்தவன் அவன் ஒருவன்தான். இதை ஷிஃப்டைக் கூட்டி வைத்து நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான்.

பிறகு செய்தவை நிறைய. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வெளிநாட்டுப் பட்டறைகளின் படம் ஒன்றில் ஒரு ட்ராலி பார்த்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி இடம். அடியில் சின்ன உருளைகள், மேலும் கீழும் நட்டமாகக் கம்பிகள், கம்பி மேல் ரப்பர் குழாய். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடி. ஒன்றின் மேல் ஒன்று சாய்வதே இல்லை. எந்தத் துண்டு வேண்டுமோ அதை மட்டும் உருவலாம். அப்படிச் செய்தால் புரட்டுகிற வேலையே கிடையாது. 'புரட்டாதே' என்று நாங்கள் ஒட்டிய போஸ்டர்கள் சாதிக்காததை அந்தக் கம்பிகள் சாதித்தன. அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில் முதலில் இரண்டு ட்ராலி செய்தோம். பையன்கள் அதற்குச் 'சீப்பு வண்டி' என்று பெயர் வைத்தார்கள். அதன் சக்கரம் பாலிஷ் மெஷின் தண்ணீர் ஓடுகிற கால்வாயின் மூடியில் ஒரு நாள் மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பிள்ளையார் அருளால் யாரும் பக்கத்தில் இல்லை. மூடியை மாற்றிப் பெரிய சக்கரம் போட்டோம். பணம் தர மேலிடம் முதலில் மறுத்தது. பையனின் காலைக் காட்டிக் கேட்டபோது தரவில்லை. உலைக்குள் வெடிக்கிற கண்ணாடியின் கணக்கைக் காட்டியபோது தந்தார்கள். கணக்கைக் காட்டியவனும் நான்தான் என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பெயரில்லாத உடைசல் கணக்கு வைத்தபோது முதல் மாதம் எண்ணிக்கை எகிறியது. மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. மேலே கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். அந்த ஒரு தடவை வளைந்து கொடுக்கவில்லை.

அரக்கோணத்துப் பையனுக்கு இ.எஸ்.ஐ. மூலம் சிகிச்சையும் பணமும் கிடைத்தன. எட்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தோம். மூன்று வருடம் இருந்துவிட்டு, ஊரில் மளிகைக்கடை வைக்கப் போய்விட்டான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். பொங்கலுக்கு இன்னும் போன் செய்கிறான். பெண் ஒன்பதாவது படிக்கிறாள் என்றான். நான் எழுதிய அந்த அறிக்கை வரியைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை. இரண்டு தடவை சொல்ல வாயெடுத்து, "கடை எப்படிப் போகுது?" என்று முடித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடிக்குப் போய்க் கண்ணாடிக்கடை பில்லை வாங்கி, அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஓனர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க அந்த வீட்டுக்காரரா?" என்றார். இல்லை, பக்கத்து வீடு என்றேன். பையன்களுக்கு ரப்பர் உள்ளங்கை வைத்த கையுறை வாங்கித் தாருங்கள், ஷூ வாங்கித் தாருங்கள், உடைந்தால் சம்பளத்தில் கழிக்காதீர்கள், கழித்தால் அவர்கள் பிடிக்கப் போவார்கள் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கழிக்கலேன்னா ஜாக்கிரதையா தூக்கமாட்டாங்களே சார்" என்றார்.

2004-இல் மேஸ்திரியிடம் நான் சொன்ன அதே வார்த்தை, கொஞ்சம் மாற்றி. அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கால் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டாரா, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு பில் எழுதிக்கொண்டிருந்தாரா, தெரியவில்லை. "பார்க்கலாம் சார்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது மாடிக்காரர் பால்கனிக்கும் கண்ணாடிக் கதவு போடுகிறாராம். அதே கடை. அது இதைவிடப் பெரியது, 65 கிலோவாவது வரும். என்றைக்கு வருகிறது என்று கேட்டு வைத்திருக்கிறேன். கையுறை இரண்டு ஜோடி நேற்றே பாரிமுனையில் வாங்கி வந்துவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. விலையை மட்டும் கேட்டாள்.